சரித்திரப் படமும் பெயரறியா உழைப்பாளரும்

சென்ற காலத்தைக் கண்ணெதிரே மீட்டுக் காணவேண்டும் என்னும் வேட்கை மாந்தர் எல்லார்க்கும் பொதுவானது. ஊர்ப்புறத்துக் கூத்து மேடையின் முன் விடியுமளவும் பாரதம் பார்த்திருந்த நம் பாட்டன்மாரும், நாடகக் கொட்டகையில் அரிச்சந்திரன் படும் துயரைக் கண்டு கண்ணீர் உகுத்த நம் பாட்டிமாரும், இன்று வெண்திரையில் அரசரையும் போர்க்களத்தையும் காணும் நாமும் ஒரே வேட்கையுடையவர்களே. ஆயினும் ஒன்று. படம் முடிந்து, அதனை ஆக்கியோர் பெயர்கள் திரையில் மேலேறத் தொடங்கியவுடனே நாம் எழுந்து வாயிலை நோக்கி விரைகின்றோம். தலைவனாக நடித்தவன் பெயரையும், டைரக்டர் பெயரையும், பாட்டிசைத்தவர் பெயரையும் அறிவோம். ஏனையோரை அறியோம், அறிய விரும்புவதுமில்லை. அவ்வேனையோரைக் குறித்துச் சில சொல்லவே யாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

சரித்திரப் படத்தின் உயிர் பொருட்செலவில் இல்லை. உண்மைக்குக் கட்டுப்பட்ட பலருடைய பொறுமையான உழைப்பில் உள்ளது என்பது எமது கருத்து. பெரிய படமுதலாளிகளின் துணையின்றிச் சிலர் கூடி எடுத்த படங்களிலே இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகின்றது. அத்தகைய படங்களுள் ஒன்றைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். அது 1975-ஆம் ஆண்டில் வெளிவந்த 'வின்ஸ்டான்லி' என்னும் ஆங்கிலப் படம். கெவின் பிரௌன்லோ, ஆண்ட்ரூ மொல்லோ என்னும் இருவர் அதனை எடுத்தனர். சென்ற விடுமுறைக்கு முன் விடுதியில் நண்பர் ஒருவருடைய கணினியில் யாம் அதனைக் கண்டோம். வண்ணமில்லை, பாட்டில்லை, பேர்பெற்ற நடிகர் எவருமில்லை. உடனிருந்தோருள் இருவர் பாதியிலே எழுந்து சென்றனர். யாமோ முடிந்தபின்னும் நெடுநேரம் வாளா அமர்ந்திருந்தோம்.

படத்தின் பொருளை முதலில் சுருங்கக் கூறுவோம். 1649-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஆங்கில மன்னன் முதலாம் சார்லஸ் இலண்டனில் தலை வெட்டுண்டு மாண்டான். உள்நாட்டுப் போரால் நாடு நலிந்து, விளைவு குன்றி, தானிய விலை ஏறி, ஏழைகள் பசியால் வாடிய காலம் அது. அவ்வாண்டு ஏப்ரல் திங்களின் தொடக்கத்தில், சர்ரே என்னும் மாவட்டத்திலே செயின்ட் ஜார்ஜ் குன்று எனப்படும் தரிசு நிலத்தில், ஏழை மக்கள் சிலர் மண்வெட்டியோடு சென்று நிலத்தைக் கொத்திக் காரட்டும் அவரையும் விதைக்கத் தொடங்கினர். இவர்களை உலகம் 'டிக்கர்ஸ்', அஃதாவது நிலங்கொத்துவோர், என்றழைத்தது. இவர்களுடைய தலைவர் ஜெரார்டு வின்ஸ்டான்லி. இலண்டனில் துணி வாணிகம் செய்து, போர்க்காலத்தில் பொருள் இழந்து, கோபம் என்னும் சிற்றூரை அடைந்து மாடு மேய்த்துப் பிழைத்தவர் அவர். கடவுள் நிலத்தைப் படைத்தது சிலர் வளைத்துக்கொள்வதற்கன்று, அனைவரும் பொதுவாக உழுதுண்பதற்கே என்பது அவர் கொள்கை. வாளெடுத்தலை அவர் விரும்பவில்லை. பிறருடைய வயலைக் கவர்தலையும் விரும்பவில்லை. ஒருவரும் உழாத தரிசிலே உழைத்துண்ண விடுக என்பதே அவர் கேட்டது.

கேட்டது கிடைக்கவில்லை. சுற்றிலும் இருந்த நிலக்கிழார்கள் ஆள்விட்டுக் குடிசைகளைப் பிரித்தெறிந்தனர், பயிரை அழித்தனர், வழக்குத் தொடுத்தனர். படைத்தலைவர் பேர்பாக்ஸ் பிரபு தாமே குன்றுக்கு வந்து அவர்களோடு பேசிச் சென்றார். அவர் முன்னிலையில் முன்னரே நிறுத்தப்பட்ட வின்ஸ்டான்லியும் எவரார்டு என்பவரும் தலைத்தொப்பியை எடுக்க மறுத்து நின்றனர் என்பது சரித்திரம். ஆகஸ்டு மாத அளவில் குன்றைவிட்டுக் கோபம் ஊரின் புறநிலத்திற்குப் பெயர்ந்தனர். 1650-ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கும் குடிசைகள் தீக்கிரையாயின. ஓராண்டே நிகழ்ந்த முயற்சி அஃது. அவர்களை ஒழிப்பதில் முன்னின்றவர் பிளாட் என்னும் திருச்சபைக் குருவானவர் என்பதையும் கிறிஸ்தவராகிய யாம் மறைத்தல் தகாது. அப்போஸ்தலர் காலத்துச் சபையார் தம் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தனர் என்று படிக்கும் வேதத்தையே இருதிறத்தாரும் கையில் வைத்திருந்தனர். ஒருவர் அதனைக் கொண்டு நிலத்தைத் திறக்க முயன்றார். மற்றவர் அடைக்க முயன்றார். இக்காட்சி எம் நெஞ்சைச் சுட்டது.

நிற்க. இனிப் படத்தை ஆக்கினோரைக் காண்போம்.

பிரௌன்லோவும் மொல்லோவும் முதன்முதலாகக் கூடிய வரலாறு நம் போன்ற மாணவர் அறிந்திருக்கத் தக்கது. 1956-ஆம் ஆண்டில், ஜெர்மானிய நாஜிகள் இங்கிலாந்தைக் கைப்பற்றியிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்னும் கற்பனையைப் பிரௌன்லோ படமாக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. தாம் எடுத்த பகுதியை மொல்லோ என்னும் இளைஞரிடம் காட்டினார். மொல்லோவின் வயது 16. சிறுவயது முதலே படைவீரர் உடைகளை ஆராய்ந்து வந்த மொல்லோ, உடையிலும் கருவிகளிலும் உள்ள பிழைகளைத் தயவின்றி எடுத்துக் காட்டினார். வேறொருவராயின், 'இதனையெல்லாம் யார் கவனிக்கப் போகின்றார்?' என்று சினந்து போயிருப்பார். பிரௌன்லோவோ குற்றங் கண்டவரையே தம்மோடு துணையாகச் சேர்த்துக்கொண்டார். இருவரும் பாடுபட்டு அப்படத்தை முடிக்க எட்டாண்டுகள் சென்றன. 'இட் ஹாப்பன்ட் ஹியர்' என்பது அதன் பெயர். 1964-ஆம் ஆண்டில் முடிவுற்ற அதற்கு ஆன செலவு ஏறத்தாழ 7,000 பவுன். நூற்றுக்கணக்கானோர் கூலி பெறாமலே அதில் உழைத்தனர். அதற்கு ஒளிப்பதிவு செய்த பீட்டர் சூஷிட்ஸ்கி அப்போது அறிமுகமில்லாத இளைஞர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற படங்களுக்கு ஒளிப்பதிவாளர் ஆயினார்.

அவ்விருவரே பத்தாண்டுகளின் பின் வின்ஸ்டான்லியின் வரலாற்றை எடுக்க முனைந்தனர். டேவிட் கோட் என்பவர் 1961-இல் வெளியிட்ட நாவலொன்று அதற்கு மூலமாயிற்று. ஆயினும் வின்ஸ்டான்லி தாமே எழுதி வெளியிட்ட துண்டுநூல்களின் சொற்கள் படத்தில் பல இடங்களில் ஒலிக்கின்றன. பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் என்னும் நிறுவனத்தின் படத்தயாரிப்புக் குழுவினர் சிறு தொகை உதவினர். பெருஞ்செலவுப் படங்களில் ஒருநாட் காட்சிக்கும் அது போதாது. ஆகவே வார இறுதி நாட்களிலே கூடி, ஏறக்குறைய ஓராண்டுக் காலம் படம் பிடித்தனர். இதனால் ஒரு பெரு நன்மையும் விளைந்தது. இளவேனிலும் மழையும் பனியும் தாமே வந்து நடித்தன. பனிக்காலக் காட்சியில் குளிரால் நடுங்குவோர் மெய்யாகவே நடுங்குகின்றனர். சேற்றிற் புதையும் கால்கள் மெய்யாகவே புதைகின்றன. எர்னஸ்ட் வின்ஸ் என்னும் ஒளிப்பதிவாளர் அவற்றைக் கருமை வெண்மையாகப் பதிந்திருக்குந் திறத்தைக் காணின், வண்ணமின்மை ஒரு குறையென்று தோன்றாது.

நடித்தோர் யாவர்? வின்ஸ்டான்லியாக நடித்த மைல்ஸ் ஹாலிவெல் ஒரு பள்ளி ஆசிரியர். மெலிந்த முகமும், உரக்கப் பேசாத குரலும், தாம் சொல்வதைத் தாமே முதலில் நம்பும் பார்வையும் உடையவர். தொழில்முறை நடிகர் என்று சொல்லத்தக்கவர் பேர்பாக்ஸாக நடித்த ஜெரோம் வில்லிஸ் ஒருவரே. ஏனையோர் அனைவரும் வேறு வேறு தொழிலிற் பிழைப்போர். படைத்தலைவராகிய பிரபுவின் பேச்சில் பயின்ற நடிகரின் நயமும், ஏழைக் குடிகளின் பேச்சில் பயிலாதவரின் கரடும் இருத்தல் கதைக்கும் பொருத்தமாகவே அமைந்தது.

இன்னும் ஒருவரைக் குறிப்பிடல் வேண்டும். சிட் ரால் என்பவர் இப்படத்தில் 'ரான்டர்' எனப்பட்ட கட்டற்ற கூட்டத்தாருள் ஒருவராகத் தோன்றுகின்றார். இவர் மெய்வாழ்விலேயே வீடற்றோர்க்காகவும் நிலமற்றோர்க்காகவும் இங்கிலாந்தில் வாதாடி, வெறுமையாய்க் கிடந்த இடங்களிற் குடியேறி, பல தொல்லைகளுக்கு ஆளானவர். பழைய நிலங்கொத்துவோரின் பெயரையே தம் கூட்டத்துக்குச் சூட்டிக்கொண்டவர். 2010-இல் மறைந்தார். முந்நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட வழக்கொன்று இன்னும் தீரவில்லை என்பதை, இவர் திரையில் வந்து நிற்பதே உணர்த்துகின்றது. எத்துணைக் கூலி கொடுத்தும் இத்தகைய நடிப்பை விலைக்கு வாங்கவியலுமோ?

பொருள்களைக் குறித்தும் ஒரு சொல். போர்க்காட்சிக்கு வேண்டிய கவசங்களுள் அக்காலத்து மெய்யான கவசங்கள் இலண்டன் கோபுரத்திலிருந்து இரவல் பெறப்பட்டன. உடைகளும் காலணிகளும் கலங்களும் அக்கால முறைப்படி அமைய வேண்டுமென்று மொல்லோ முனைந்தார். மேயும் கால்நடைகளும் அந்நூற்றாண்டில் இருந்த இனங்களைப் போன்றிருத்தல் வேண்டுமென்று, அருகிப்போன இனங்களைத் தேடிக் கொணர்ந்தனர். பழைய செயின்ட் ஜார்ஜ் குன்றோ இக்காலத்துச் செல்வர் மாளிகைகளும் கோல்ப் ஆடும் புல்வெளியுமாக மாறிவிட்டது. ஏழைகள் உழக்கேட்ட நிலத்திற்கு நேர்ந்த முடிவு இது! ஆதலின் வேறிடத்தில் குடிசை கட்டிப் படம் எடுக்க நேர்ந்தது.

இங்கே ஒரு தடை எழும். 'பன்றியின் இனமும் காலணியின் வாரும் சரியாயிருப்பதனால் என்ன பயன்? நாடகத்திற்கு வேண்டுவது உணர்ச்சியன்றோ? மேலும் பொருளுடையோர் இவற்றை இன்னும் நன்றாகச் செய்வாரல்லரோ?' என்று அன்பர் சிலர் வினவுவர். பொருளுடையோர் செய்ததையும் பார்ப்போம். அதே ஆங்கில உள்நாட்டுப் போரைக் குறித்து 1970-இல் 'கிராம்வெல்' என்னும் படம் பெரும் பொருட்செலவில் வெளிவந்தது. ரிச்சர்டு ஹாரிஸ், அலெக் கின்னஸ் முதலிய பெருநடிகர் அதில் நடித்தனர். கின்னஸின் நடிப்பு போற்றத்தக்கது. உடையமைப்புக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஆயின் 1642-இல் மன்னன் சிறைப்பிடிக்கச் சென்ற பாராளுமன்ற உறுப்பினர் ஐவருள் கிராம்வெல்லும் ஒருவர் என்று அப்படம் காட்டுகின்றது. அவ்வைவருள் கிராம்வெல் இல்லை என்பதைச் சரித்திர மாணவர் எவரும் அறிவர். உடை சரியாயிருந்து செயல் பொய்யானால் அவ்வுடையே பொய்க்குத் துணையாகின்றது. என்னை? கண்ணாற் கண்ட பட்டாடையை நம்பும் மக்கள் காதாற் கேட்ட கதையையும் அதனோடு சேர்த்து நம்புவரன்றோ?

ஆகவே வேறுபாடு பொருளில் இல்லை. எதற்குக் கட்டுப்படுகின்றோம் என்பதில் உள்ளது. கதைத்தலைவனை உயர்த்துவதற்குக் கட்டுப்பட்டோர் நிகழ்ச்சியை வளைப்பர். நிகழ்ந்ததற்குக் கட்டுப்பட்டோர் ஒரு வாரினையும் வளைக்க அஞ்சுவர். இறந்தோர் நம்மோடு வழக்காட வரமாட்டார். அவர் வாயில் நாம் எதனை வைப்பினும் மறுக்கமாட்டார். மறுக்கவியலாதவரிடத்து நேர்மையாய் நடத்தல் அறங்களுள் உயர்ந்தது என்று எண்ணுகின்றோம்.

இவ்வளவு கூறும் யாம் எம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். சென்ற ஆண்டுக் கல்லூரி விழாவில் எம் மன்றத்தார் சோழர் காலத்து நாடகம் ஒன்று நடித்தனர். அதில் அரண்மனை மடைப்பள்ளியில் நிகழும் நகைச்சுவைக் காட்சியை எழுதியவர் யாமே. மடையன் ஒருவன் தன் மிளகாய்ச் சாந்தின் காரத்தைப் புகழ்ந்து நெடிதாகப் பேசினான்; அவையோர் கைகொட்டி நகைத்தனர். திரை விழுந்தபின் ஆசிரியர் ஒருவர் எம்மை அருகழைத்து, "இராசராசனுக்கு மிளகாய் அனுப்பியவர் யார்?" என்று மெல்லக் கேட்டார். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னரே போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. சோழன் உண்டது மிளகின் காரம். தமிழை ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் யாம், மிளகு என்னும் சொல்லையும் மிளகாய் என்னும் சொல்லையும் அருகருகே வைத்து ஒருகணம் எண்ணியிருப்பின் இப்பிழை நேர்ந்திராது. ஒத்திகையில் ஒரு நண்பர் ஐயுற்றபோது, 'யார் கவனிக்கப் போகின்றார்?' என்று விடையிறுத்தோம். அச்சொல்லை நினைக்கும்போது இன்றும் நாணுகின்றோம். பதினாறு வயது மொல்லோ ஒருவர் எம் ஒத்திகையிலும் இருந்தார். யாம் பிரௌன்லோவாக இல்லை.

இன்னொரு குற்றமும் உண்டு. அந்நாடகத்திற்கு விடுதிச் சமையற்காரர் தம் பொறுப்பிலிருந்த பித்தளைக் கலங்களை இரவல் தந்து, இரவு பதினொரு மணிக்குத் தாமே துலக்கி எடுத்துச் சென்றார். கல்லூரித் தச்சர் சிங்காதனத்தை இரண்டு நாளிற் செய்தார். மின்விளக்குப் பார்ப்பவர் உணவின்றி நின்றார். மாணவி ஒருவருடைய தாயார் பதினான்கு மேலாடைகள் தைத்தார். அச்சிட்ட நிகழ்ச்சித் தாளிலோ நடித்தோர் பெயரும், எழுதிய எம் பெயரும், தலைமை தாங்கிய பெரியோர் பெயருமே இருந்தன. தாளை அச்சுக்குக் கொடுத்தவரும் யாமே. நிலம் அனைவர்க்கும் பொது என்ற வின்ஸ்டான்லியின் கதையைக் கண்டு மனங்கசிந்த யாம், பலர் உழைத்து விளைத்த புகழைச் சிலர் வேலியிட்டு வளைத்துக்கொள்ள உதவினோம் என்பதை அப்படம் கண்ட இரவிலேதான் உணர்ந்தோம்.

எதிர்வாதம் ஒன்றையும் மறுக்காது ஏற்கின்றோம். கூலியின்றி உழைப்போரைப் புகழ்வதனால், உழைப்போர்க்குக் கூலி கொடாமையையும் புகழ்ந்ததாக ஒருவர் கருதலாம். அஃது எம் கருத்தன்று. ஹாலிவெல் போன்றோர் வாரநாட்களில் சம்பளம் பெற்று, ஓய்வு நாட்களைத் தாமே விரும்பித் தந்தனர். நம் நாட்டுப் படத்தொழிலில் விளக்குச் சுமந்தும் அரங்கு கட்டியும் அன்றாடம் பிழைப்போர்க்கு அத்தகைய ஓய்வு ஏது? பொருளீட்டும் பொருட்டு எடுக்கும் படத்தில், கலைக்காக உழை என்று கூறி அவர் கூலியைக் குறைத்தல் கொடுமை. கூலி கொடுக்கவல்லார் கூலியும் பெயரும் கொடுக்க. கூலி கொடுக்க இயலாதார் பெயரையேனும் மறவாது கொடுக்க என்பதே யாம் வேண்டுவது.

'வின்ஸ்டான்லி' படத்தைக் கண்டோர் தொகை சிறிது. அதனால் எவரும் செல்வராயினார் அல்லர். இதனைக் காட்டி, அத்தனை உழைப்பும் வீணாயிற்றென்று கூறுவாருமுளர். நிலங்கொத்துவோரின் முயற்சியும் ஓராண்டில் அழிந்ததே. ஆயினும் வின்ஸ்டான்லி எழுதி அச்சிட்ட தாள்கள் அழியாமையால், அவர் வழக்கு இன்றும் கேட்கப்படுகின்றது. சர்ரே மாவட்டத்துச் சேற்றில் வார இறுதிதோறும் நின்ற ஆசிரியரும் பணியாளரும் செய்ததும் அதுவே. பத்தாயிரங் கல் தொலைவில் அல்லாவிடினும் பலகடல் கடந்த நாட்டில், அவர் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர் சிலர், அரைநூற்றாண்டு கழித்து ஓர் இரவு உறங்காது விவாதித்தனர். இது சிறு பயனன்று.

வாசகர்காள்! இவ்வாண்டு நம் மன்றத்தார் மீண்டும் ஒரு சரித்திர நாடகம் நடிக்க எண்ணியிருக்கின்றனர். அவர்க்கு யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இரண்டு. முதலாவது, ஒத்திகைக்கு முன்னரே நாடகத்தின் சொல்லையும் பொருளையும் சரித்திர வகுப்பாரிடமும் தமிழ் வகுப்பாரிடமும் காட்டிப் பிழைகாணச் செய்க. பிழை கண்டாரைப் பகைவராகக் கருதாது துணைவராகச் சேர்த்துக்கொள்க. இரண்டாவது, நிகழ்ச்சித் தாளிலே தச்சர், தையற்காரர், விளக்கிடுவோர், கலம் தந்தோர் அனைவருடைய பெயரையும், நடிப்போர் பெயர் அச்சாகும் அதே அளவு எழுத்தில் அச்சிடுக. தாள் ஒரு பக்கம் நீளும். அச்சுக்கூலி சிறிது கூடும். அதனை யாம் தருகின்றோம்.